கலியாணம் கட்டினால்தான் ஜேர்சி

உதைபந்தாட்டக் கழகத்தின் கோச் வேலை என்பது, ஆரோ வாங்கி வந்த மரக்கறியை வைத்துச் சமைத்து, ருசி இல்லை என்று ஊர் முழுக்கப் பேச்சு வாங்குகிற வேலை. சந்தைக்குப் போகிறவர்கள் வேறு ஆட்கள். நான் முருங்கைக்காய் கேட்டால் அவர்கள் பூசணிக்காயோடு வருவார்கள். வந்து, "இதைப் போட்டு ஒரு குழம்பு வையுங்கோ பாப்பம்" என்பார்கள். உங்களில் யாராவது ஒரு கந்தோரிலோ கோயில் நிர்வாக சபையிலோ இருந்து, வேறு ஆட்கள் தெரிவு செய்து தந்தவர்களிடம் வேலை வாங்க வேண்டி வந்திருந்தால், என் கதை உங்கள் கதைதான். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கோ.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டுகிறவன். பெரிய கப்பல்களைத் தள்ளிக்கொண்டு வந்து ஜெட்டியில், அதுதான் கப்பல் அணைகிற மேடையில், சேர்ப்பது பகல் வேலை. நாலரைக்குப் பிறகு மைதானத்தில் மேய்கிற மான்களைத் துரத்திவிட்டு எங்கள் கழகத்துக்குப் பயிற்சி கொடுப்பேன். பதினொரு வருடமாக இதுதான். சம்பளம் கிடையாது, ஏச்சு உண்டு.

எங்கள் கழகத்தில் ஒரு வில்லங்கம். தொடங்கினவர்கள் யாப்பிலே, அதாவது கழகத்தின் சட்டக் கொப்பியிலே, எழுதி வைத்துவிட்டார்கள், எங்கள் பகுதியில் குடியிருக்கிறவன்தான் விளையாடலாம் என்று. வாடகைக்கு வந்தவன் ஒரு வருடம் இருந்து காட்ட வேண்டும். எங்கள் பகுதியில் கலியாணம் கட்டினவன் என்றால் மறுநாளே ஜேர்சி போடலாம். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். தமிழ் ஆட்களும் அப்படித்தான், முஸ்லிம் ஆட்களும் அப்படித்தான். ஆகவே எங்களுக்கு ஆட்டக்காரர் வருவதும் கலியாணத்தால், போவதும் கலியாணத்தால். போன தை மாதம் எங்கள் கோல் கீப்பர் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் பெண் எடுத்தான். அடுத்த கிழமையே அந்த ஊர்க் கழகத்துக்காக நின்று எங்கள் பந்துகளைப் பிடித்தான்.

நாங்கள் லீக்கில் முதலாம் பிரிவின் அடியில் தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கு ஒரு கீப்பர் வேண்டும், இந்த முறை இரண்டாம் பிரிவுக்கு இறங்கினால் நான் கோச் வேலையை விட்டுவிடுவேன் என்று கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் சொல்லிப்போட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அந்த மைதானம் இல்லாமல் பின்னேரங்களில் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

செருப்பைக் கழற்றிய கால்

எங்கள் ஆள் சேர்ப்புக் குழுவில் மூன்று பேர். தலைவர் தங்கராசா அண்ணை. கலியாண வீடுகளுக்குக் கதிரை, பந்தல், மணவறை எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அவருக்குத் தெரியாமல் எங்கள் பகுதியில் ஒருவரும் மாப்பிள்ளை ஆக ஏலாது. கூட்டம் முடிந்து எட்டாம் நாள் அவரிடம் இருந்து போன் வந்தது, ஆள் கிடைத்துவிட்டான், கெதியாக வாங்கோ என்று.

கையில் இருந்த எண்ணெயைக்கூடத் துடைக்காமல் ஓடினேன். மண்டபத்தில் மணவறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணை அடுக்கின கதிரைகளுக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார். அன்புவழிபுரத்து மாப்பிள்ளையாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது இடது காலால் ஒரு தட்டுத் தட்டினானாம். செருப்பு பறந்து போய், அங்கே கிடந்த நூறு செருப்புகளுக்கு நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் நேராக விழுந்ததாம். "தாலி கட்டேக்கையும் எனக்கு அந்தக் கால்தான் கண்ணுக்கை நிண்டது" என்றார்.

"கீப்பரோ அண்ணை?" என்று கேட்டேன். ஸ்ட்ரைக்கர் என்றார். என்னிடம் ஏற்கெனவே மூன்று ஸ்ட்ரைக்கர் இருக்கிறார்கள், நான் கேட்டது கீப்பர் என்று கொஞ்சம் சூடாகத்தான் சொன்னேன். அவர் ஒரு கதிரையைத் தூக்கி மற்றக் கதிரைக்கு மேலே வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "தம்பி, கீப்பருக்குக் குடுக்கிற மாதிரிப் பெட்டை இப்ப எங்கட பக்கத்தில ஒண்டும் இல்லை. இருந்தது ஸ்ட்ரைக்கருக்குத்தான்."

வட்ஸ்அப்பில் வந்த கப்

குழுவில் இரண்டாவது ஆள் பாரூக் நானா. கிண்ணியாவில் பிறந்து, எங்கள் பகுதியில் கலியாணம் கட்டி வந்த மீன் வியாபாரி. ஒரு காலத்தில் எங்கள் பின்களத்தில் நின்றவர். அதனால் தனக்கு உதைபந்தாட்டம் கரைத்துக் குடித்த பாடம் என்று அவருக்கு ஒரு எண்ணம். ஒரு நாள் காலையில், வட்ஸ்அப்பில் அன்றைக்கு வந்த பாரை மீன் படத்துக்குக் கீழே இன்னொரு படம் அனுப்பியிருந்தார். ஆறடி உயரத்தில் ஒரு மூதூர் இளைஞர், கையில் பெரிய வெள்ளிக் கப். கைகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு துடுப்பு அளவு. எங்கள் பகுதியில் இருந்த ஒரு குடும்பத்துக்கு மாப்பிள்ளைப் பேச்சுக்கு வந்த படம் அது. நானாவே முன்னுக்கு நின்று பேசி, கலியாணத்தை முடித்து வைத்தார். நானும் போய் மூன்று தரம் புரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோசம்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை புதுச் சப்பாத்தோடு வந்து கோலில் நின்றார். முதல் பந்தை நானே அடித்தேன், மெதுவாகத்தான். மாப்பிள்ளை கொஞ்சம் விலகி அதற்கு வழிவிட்டார். பிறகு திரும்பி, அது வலையில் போய் விழுந்ததை மரியாதையாகப் பார்த்தார். இரண்டாவதுக்கும் அதே மரியாதை. நான் நானாவைப் பார்த்தேன். நானா வானத்தைப் பார்த்தார். பிறகு விசாரித்தால், அவர் தன் ஊர்க் கழகத்தின் செயலாளராம். கழகம் வென்ற கப்பை மேடையில் ஏறி வாங்கினது அவராம். தங்கமான மனுசன், எங்கள் கழகத்துக்கும் இப்போது அவர்தான் செயலாளர். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில், படத்தில் ஏன் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர் என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கப் வாங்கினது நான்தான் சேர். பந்து விளையாடினது மத்த ஆக்கள்."

கொப்பியில் இருந்த பெயர்கள்

செவ்வாய்க்கிழமைகளில் விமலா டீச்சர் வீட்டு விறாந்தையில் கூடுவோம். குழுவில் மூன்றாவது ஆள் அவ. கணிதம் படிப்பிக்கிறவ. எங்கள் பகுதியில் கலியாண வயதில் இருக்கிற பெட்டைகளில் பாதிப் பேர் அவவிடம் படித்தவர்கள், மற்றப் பாதி அவவுக்குப் பயந்து வேறு டீச்சரிடம் போனவர்கள். அன்றைக்குத் தேநீர் வருவதற்கு முதலே நான் தொடங்கிவிட்டேன். கீப்பர் இல்லாமல் பின்களத்தில் நின்ற ஒருவனைக் கோலில் நிப்பாட்டி, ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு மூன்று வாங்கிக்கொண்டிருந்தோம். இரண்டாம் பிரிவு கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மீனையும் மணவறையையும் பார்க்கிற கண்ணால் பந்தைப் பார்க்காதேங்கோ, உங்களால்தான் கழகம் கீழே போகுது, இனி ஆட்களை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன். தங்கராசா அண்ணையின் முகம் கறுத்துப்போச்சு. பாரூக் நானா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூடிப்போச்சு என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

டீச்சர் என்னை முழுதாகப் பேசவிட்டா. பிறகு ஒரு கொப்பியை எடுத்து விரித்து, நான் கோச்சாக வந்த பிறகு நானாகத் தெரிவு செய்த ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தா. எல்லாரும் வாடகை அறையில் ஒரு வருடம் காத்திருந்து ஜேர்சி போட்டவர்கள், நல்ல ஆட்டக்காரர்கள். ஒருத்தன் கட்டாரில், ஒருத்தன் டுபாயில், ஒருத்தன் இத்தாலியில். ஒருவரும் இரண்டாவது பருவம் விளையாடவில்லை. கொப்பியை மூடிவிட்டு, பரீட்சைத் தாள் திருப்பிக் கொடுக்கிற குரலில் சொன்னா: "நீங்கள் கொண்டு வாற ஆளுக்கு விசா வரும், கோச். நாங்கள் கொண்டு வாற ஆள் எங்கையும் போகான், மாமியார் விடமாட்டா."

கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை

மாமியார் விடமாட்டா என்பதன் முழு அர்த்தம் எனக்கு அடுத்த கிழமைதான் விளங்கியது. குழு கொண்டுவந்தவர்களில் ஒருத்தன் உண்மையாகவே நல்ல பின்கள ஆட்டக்காரன். கலியாணம் கட்டி மூன்று கிழமை. இரண்டு நாள் பயிற்சிக்கு வந்தான், பிறகு ஆளைக் காணவில்லை. வீட்டுக்குப் போனேன். மாமியார் மரியாதையாக இருத்தி, பயற்றம் பணியாரமும் தேநீரும் தந்து, நான் கடிக்கத் தொடங்கின பிறகு கேட்டா, கலியாணப் பேச்சிலே மருமகன் பந்து அடிக்கிறவர் என்று ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று. சொன்னால் பேச்சுக் குழம்பிவிடும் என்று எங்கள் குழு மறைத்துவிட்டிருந்தது. வாய் நிறையப் பணியாரத்தோடு நான் என்னத்தைச் சொல்கிறது? காலுக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மாமியாரும் வந்தா. வீட்டில் இருந்தே ஒரு பிளாஸ்டிக் கதிரை கொண்டுவந்து கோட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தா. எதிரணிக்காரன் மருமகனுக்குக் கிட்டப் போனால் இவ எழும்புவா, இவ எழும்பினால் அவன் விலகுவான். பாதி ஆட்டம் வரைக்கும் அந்தப் பக்கத்தால் ஒரு பந்தும் வரவில்லை. சரி, நல்லதுக்குத்தான் வந்திருக்கிறா என்று நான் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கப் போனேன். அவ என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டுச் சொன்னா: "எங்கட மருமகனை ஏன் பின்னுக்கு நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்? முன்னுக்கு நிக்கிறவையின்ர ஆக்கள் என்ன, எங்களைவிடப் பெரிய ஆக்களோ?"

ஜெட்டியில் நின்றவன்

கிருபாவை நான் கண்டுபிடித்தது படகில் இருந்து. கப்பல் ஜெட்டியைக் கிட்டும்போது, மேலே இருந்து ஒரு மெல்லிய கயிற்றை எறிவார்கள். அதன் நுனியில் பாரமான ஒரு முடிச்சு. கீழே நிற்கிறவன் அதைப் பிடித்து, இழுத்துக்கொண்டு ஓடி, அதோடு வருகிற பெரிய கயிற்றைக் கரையில் இருக்கிற இரும்புக் குற்றியில் மாட்டவேண்டும். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் அந்த முடிச்சு எங்கே விழும் என்று எறிகிறவனுக்கே தெரியாது. மற்றவர்கள் தலையைக் காப்பாற்ற ஒதுங்குவார்கள். இவன் மட்டும் பாய்ந்து பிடிப்பான். நாலு வருடமாக இவன் ஒரு கயிற்றையும் தண்ணீரில் விட்டு நான் பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கீப்பர் இல்லை, கீப்பர் இல்லை என்று ஊரெல்லாம் அழுதுகொண்டு திரிந்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் பந்தோடு ஜெட்டிக்குப் போனேன். ஈச்சிலம்பற்று வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. முந்தி மூதூரில் சொந்தக்காரர் வீட்டில் இருந்து வேலைக்கு வந்தவன், ஐந்து மாதமாகத்தான் எங்கள் பகுதியில் ஒரு வாடகை அறையில் இருக்கிறான். குந்தி இருந்து சோற்றுப் பார்சல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொல்லாமல் கொள்ளாமல் பந்தை அவன் தலைக்கு மேலாக உதைத்தேன். சாப்பிட்ட கையில் பந்து படாமல் மற்றக் கையால் பிடித்து, பக்கத்தில் வைத்துவிட்டு, மீண்டும் சோற்றில் கையை வைத்தான். கோலில் நின்றிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். நிற்பாயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நிக்கலாம் அண்ணை. பந்து கயிறைவிட மெதுவாத்தானே வருது."

பெண் கேட்டுப் போன கோச்

ஐந்து மாதம் வாடகை என்றால் இன்னும் ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். பருவம் முடிய ஆறு கிழமைதான் இருந்தது. இப்போது விளங்குதா என் நிலைமை? இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீரம் பேசினவன், அதே விறாந்தைக்குப் போய், அதே மூன்று பேரிடம், தயவுசெய்து இவனுக்கு எங்கள் பகுதியில் ஒரு பெண் பாருங்கோ என்று கேட்டு நின்றேன். தங்கராசா அண்ணை குத்திக் கதைப்பார் என்று நினைத்தேன். அவர், "ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னார். அது எனக்கு ஏச்சைவிடக் கூடச் சுட்டது.

கலியாணத்துக்கும் ஓம் அண்ணை என்று சொல்லி வந்த கிருபாவை மூன்று பேரும் ஒரு மணித்தியாலம் விசாரித்தார்கள். குடி இருக்கா, புகை இருக்கா, சகோதரங்கள் எத்தனை பேர், அம்மாவுக்குச் சம்மதமா. அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் சொன்னான். பிடிக்கிற கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பாரூக் நானா என்னைத் தனியே கூப்பிட்டு, "கோச், பையன் நல்லவன்தான், ஆனா கதைக்கிறான் இல்லியே, பொண்ணு ஊட்டுல என்னத்தச் சொல்ற?" என்று கவலைப்பட்டார். அப்போதுதான் இந்த மனுசர் இவ்வளவு காலமும் எத்தனை வீட்டுக்கு நடந்து, எத்தனை பேரிடம் வாய் நோகக் கதைத்து எனக்கு ஆள் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

டீச்சருக்குச் சுகந்தியின் ஞாபகம் வந்தது. அவவிடம் படித்த பிள்ளை, மருந்து விற்கிற பாமசியில் வேலை. நானும் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு டீச்சரோடு போனேன். தாய் தகப்பனுக்கு முன்னால் மாப்பிள்ளையின் குணத்தைச் சொல்லுங்கோ என்றார்கள். எனக்குத் தெரிந்த குணத்தைச் சொன்னேன். கை எவ்வளவு நீளம், காற்றில் எப்படிக் கணக்குப் பார்ப்பான், இரண்டு பக்கமும் எப்படிப் பாய்வான், உயரப் பந்துக்கு எவ்வளவு தூரம் எம்புவான் என்று பத்து நிமிசம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். சுகந்தி தேநீர்த் தட்டோடு வந்து நின்று முழுவதையும் கேட்டா. கோபமே இல்லாமல், மருந்துச் சீட்டில் எழுத்து விளங்காதபோது கேட்கிற மாதிரிக் கேட்டா: "டீச்சர், நீங்கள் எனக்கு மாப்பிள்ளை பாக்க வந்தனீங்களோ, கழகத்துக்குக் கீப்பர் பாக்க வந்தனீங்களோ?"

கை தூக்கின ஆள்

திரும்பி வரும்போது வெட்கம் என்னைத் தின்றது. அந்தப் பிள்ளை கேட்டது நியாயம், கலியாணப் பேச்சு அதோடு நின்றது. மூன்றாம் நாள் டீச்சரிடம் இருந்து போன் வந்தது. யாப்பில் இருக்கிற அந்தக் குடியிருப்பு விதியை எடுத்துவிடலாம் என்றா. லீக்குக்கு எங்கள் யாப்பைப் பற்றிக் கவலை இல்லை, இது நாங்களாகக் கட்டிக்கொண்ட விலங்குதானே, நாங்களே கழற்றுவோம் என்றா. எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. பிறகு தங்கராசா அண்ணையை நினைத்தேன். அந்த விதி போனால் மாப்பிள்ளைமாரைத் தேடுகிற வேலையும் போகும். தன் தொழிலைவிட அந்த வேலையைப் பெரிதாக நினைக்கிற மனுசன் அவர். டீச்சர் விசயத்தைச் சொன்னதில் இருந்து அவர் என் போனை எடுக்கவில்லை.

விசேட கூட்டம் கடைசி ஆட்டத்துக்கு எட்டு நாள் முதல் நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். எனக்குத் தெரிந்த ஆட்களை எண்ணிப் பார்த்தால் இரண்டு பேர் குறைந்தது. பழைய ஆட்கள் எல்லாரும் தங்கராசா அண்ணையின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் எழும்பி, முதலில் குழுவில் இருந்த மூன்று பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். கழகம் கீழே போவதற்கு இந்த மூன்று பேரும் காரணம் என்று சொன்னது பிழை, இன்றைக்கு நம்பி இறக்கக்கூடிய பதினொரு பேரில் ஏழு பேர் இவர்கள் கொண்டுவந்த மருமக்கள், இவர்கள் இல்லாவிட்டால் எனக்கு அணியே இல்லை என்றேன்.  வாக்குக்கு விட்டார்கள்.  முன்வரிசையில் இருந்து முதல் கை மேலே போனது. தங்கராசா அண்ணை. அதைப் பார்த்துப் பின்னால் கைகள் ஒவ்வொன்றாக எழும்பின. வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்குக் கவலை இல்லையா என்று கேட்டேன். "இருக்குத்தான் தம்பி. ஆனா இனிமேல் கலியாண வீட்டில மாப்பிள்ளையின்ர முகத்தைப் பாக்கலாம். இவ்வளவு காலமும் காலைத்தானே பாத்தனான்."

பிடித்துக்கொண்டு ஓடினவன்

கடைசி ஆட்டம். சமநிலை எடுத்தால் நாங்கள் முதலாம் பிரிவில் நிற்போம், தோற்றால் இறங்குவோம். நான் வேலையை விடுவதாகச் சொன்னதை ஊரில் ஒருத்தரும் மறக்கவில்லை. துறைமுகத்தில் இருந்தும் ஒரு கூட்டம் வந்திருந்தது, கிருபாவோடு கயிறு பிடிக்கிற ஆட்கள். அவனிடம் ஒரே ஒரு குறை. பந்து கைக்கு வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவான். கயிற்றைப் பிடித்து இரும்புக் குற்றிக்கு ஓடி ஓடிக் கால் பழகிவிட்டது. பயிற்சியில் நூறு தரம் திருத்தினேன். நூறு தரமும் ஓம் அண்ணை என்றான்.

எண்பத்தைந்து நிமிசம் வரைக்கும் எல்லாவற்றையும் பிடித்தான். கோல் இல்லை, இரண்டு பக்கமும். பிறகு ஒரு உயரப் பந்து, காற்றில் வளைந்து வந்தது. ஜெட்டியில் பாய்கிற மாதிரியே பாய்ந்து பிடித்தான். பிடித்துக்கொண்டு ஓடினான். பெனல்ட்டிப் பெட்டிக் கோட்டைத் தாண்டி, பக்கக் கோட்டை நோக்கி, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். பெட்டிக்கு வெளியே கீப்பரும் பந்தைக் கையில் வைத்திருக்க ஏலாது, நடுவர் விசில் அடித்தார். கோலுக்கு நேரே இல்லாவிட்டாலும் ஆபத்தான இடத்தில் ஃப்ரீ கிக். நான் தரையில் குந்திவிட்டேன். பதினொரு வருடமும் அந்த ஒரு பந்தில் போகப்போகுது என்று நினைத்தேன். எனக்கு ஒரு பக்கத்தில் பாரூக் நானா வந்து குந்தினார், மற்றப் பக்கத்தில் டீச்சர், பின்னால் தங்கராசா அண்ணை. 

எதிரணிக்காரன் அடித்தான். எங்கள் ஆட்கள் கட்டி நின்ற சுவருக்கு மேலால், கோலின் மூலைக்கு. கிருபா கிடையாகப் பறந்து இரண்டு கையாலும் பிடித்து விழுந்தான். எல்லாரும் பார்த்தோம், இனி என்ன செய்யப்போகிறான் என்று. அவன் எழும்பவே இல்லை. பந்துக்கு மேலே கவிழ்ந்து படுத்துவிட்டான். நடுவர் வந்து எழும்பச் சொல்லும் வரைக்கும் அப்படியே கிடந்தான். கோல் இல்லாமலே ஆட்டம் முடிந்து எல்லாரும் அவனைத் தூக்கினபோது நான் அழுதுகொண்டிருந்தேன், தங்கராசா அண்ணையும் அழுதுகொண்டிருந்தார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி நடித்தோம். கிருபாவிடம், முதல் தரம் ஓடினாய், இரண்டாம் தரம் ஏன் படுத்துக்கொண்டாய் என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "எழும்பினா ஓடிப்போடுவன் எண்டு பயம் அண்ணை. எனக்கு என்னில நம்பிக்கை இல்லை, அதுதான் படுத்திட்டன்."

விதி போனது, கீப்பர் வந்தான், முதலாம் பிரிவில் நிற்கிறோம், இனி நானும் ஆள் சேர்ப்புக் குழுவும் சண்டை பிடிக்க எங்கள் பகுதி மட்டும் இல்லை, மாகாணம் முழுவதும் திறந்து கிடக்கிறது.